பதினேழாம் வார்டுக்கு ஒரு நடுவர்

தராசு பொய் சொல்லாது என்று இந்த நாட்டில் படித்தவர்கள் உட்படப் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதை மறுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, வருத்தத்தோடுதான் மறுக்கிறேன். தராசு பொய் சொல்லும். ஒன்றுமே வைக்காத காலித் தராசுகூடப் பொய் சொல்லும். முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் சொல்கிறேன். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசாங்க முத்திரை குத்துகிற வேலை. என் முத்திரை இல்லாத தராசில் ஆத்துக்குளத்தில் ஒரு கிலோ கத்தரிக்காய் விற்றதில்லை.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், சார். ஜன்னலோரம் வெயில் அடிக்கும். கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. இன்றைக்குத் திங்கட்கிழமை, மனு நாள். பஸ்ஸில் இத்தனை கூட்டம் அதனால்தான்.

நீங்கள் ஏறியதிலிருந்து என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றுதானே? போனில் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண்மணியிடம் கேள்வி கேட்டுவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அந்த ஆள் நான்தான். சங்கடப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது நாற்பது வினாடி. நடந்தது தொண்ணூறு நிமிடம். ஒரு மூட்டை அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிக் காட்டி, மூட்டை முழுக்கக் கல் என்று ஊரைக் கூட்டினால் அந்த ஆளைக் கடைக்காரர் சும்மா விடுவாரா? ஊடகத்தை மட்டும் விடுகிறோம்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கட்சி பொதுநல முன்னணி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது எங்கள் குற்றமல்ல, செய்தி போடாதவர்களின் குற்றம். எங்கள் தலைவர் போன வருடம் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்தார். குழந்தை தூங்கும் நேரமெல்லாம் டிவி பார்த்திருக்கிறார். அங்கே ஒரே கட்சியில் ஒரு பதவிக்கு நான்கு பேர் ஆசைப்பட்டால், நான்கு பேரையும் மேடையில் நிறுத்தி விவாதிக்க விடுகிறார்களாம்; பிறகு கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு ஒருவரை வேட்பாளராக்குகிறார்களாம். தலைவர் ஊர் திரும்பியதும் அறிக்கை விட்டார். வரப்போகும் நகராட்சித் தேர்தலில் ஒரே வார்டுக்கு இரண்டு பேர் சீட் கேட்டால் நமக்கும் அதே முறைதான். ஆத்துக்குளத்தில் முப்பத்து மூன்று வார்டு. முப்பத்திரண்டில் ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. பதினேழில் மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள்.

ஒருவர் குழந்தைவேலு. மணி மகால் என்ற கல்யாண மண்டபத்தின் முதலாளி. கட்சியில் சேர்ந்து பதினான்கு மாதம். சேர்ந்த அன்றைக்கே நகரக் கமிட்டிக்கு முப்பது பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் மணி மகால் என்று எழுதியிருக்கும்.

இன்னொருவர் அஞ்சுகம். தாலுகா ஆபீஸ் காம்பவுண்டை ஒட்டி ஒரு மேசை போட்டு மனு எழுதுகிறவர். பட்டா மாறுதல், விதவைப் பென்ஷன், ரேஷன் அட்டை எல்லாம் அந்த மேசையிலிருந்துதான் கிளம்பும். கட்சியில் பத்தொன்பது வருடம். இதற்கு முன் இரண்டு தடவை சீட் கேட்டார். ஒரு தடவை மாவட்டச் செயலாளரின் மைத்துனருக்காக விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். மறுதடவை கூட்டணிக்காக, அதையும் கொடுத்தார். இந்தத் தடவை என் வீட்டுக்கு வந்து சொன்னார்: "பெரியப்பா, இதுதான் கடைசி. எனக்கு ஐம்பது ஆகப்போவுது. இந்த சீட்டும் கைவிட்டுப் போனா, இனிமே கொடி பிடிக்கிறவங்க கூட்டத்துல நின்னுட்டே கிழவி ஆயிடுவேன்."

பெரியப்பா என்பது உறவு அல்ல, சார். மரியாதைக்குச் சொல்வது. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் நான் முத்திரை சார்.

நகரச் செயலாளர் மாசிலாமணி கூட்டம் போட்டார். விவாதத்தை எங்கள் ஊர் கேபிள் சேனல் தாரகை டிவி நேரலையாகக் காட்டும், அதன் செய்தி வாசிப்பாளர் ஜெயந்த் நடுவராக இருப்பார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"மாசிலாமணி, அந்தச் சேனலை நீங்கள் பார்ப்பதுண்டா?"

"எங்க வீட்ல ஓடிட்டேதான் இருக்கும் சார். பாக்குறதுக்கு எங்க நேரம்?"

"நான் பார்க்கிறேன். மூன்று நாள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். மணி மகால் நாற்பத்தொரு தடவை வருகிறது. அஞ்சுகம் ஒரே ஒரு தடவை வந்தார். அதுவும் அடைத்துக்கொண்ட சாக்கடையைக் காட்டும்போது பின்னால் நடந்து போகிறார்."

"அது விளம்பரம் சார். விளம்பரம் குடுத்தா போடத்தானே செய்வாங்க? ஜெயந்த் நல்ல பையன். தெளிவாப் பேசுவான். டை கட்டிட்டு வருவான்."

"டை கட்டியவர்தான் வேண்டுமென்றால் பெரிய ஹோட்டல் வாசலில் கதவு திறந்துவிடுகிறவரைக் கூப்பிடுங்கள். அவருக்காவது எல்லா விருந்தாளியும் ஒன்று."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே 'விவாத நடுவரின் தகுதிகள்' என்று ஏழு பக்க அறிக்கை எழுதி மாவட்டத் தலைமைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்திரிகைக்காரர் கூடாது, அவருக்கு விளம்பரம் வேண்டும். வக்கீல் கூடாது, எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் போகிற தொழில். பட்டிமன்றப் பேச்சாளர் கூடவே கூடாது. யார் அதிகம் சிரிக்க வைத்தாரோ அவருக்குத்தான் தீர்ப்பு. கல்லூரிப் பேராசிரியரைப் போட்டால் வேட்பாளர்களுக்கு நேரம் மிஞ்சாது. வெளியூர்க்காரருக்கு வார்டு தெரியாது. உள்ளூர்க்காரருக்கு வார்டு தெரியும், ஆனால் சொந்தக்காரர் இருப்பார். எல்லாத் தகுதியும் ஒரே ஆளிடம் அமைவது மிக அரிது. நேர்மையாகத் தேடினேன், சார். கடைசியில் ஒரு பெயர்தான் மிஞ்சியது. அதை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. எழுதினேன்.

"நீங்களும் கட்சி உறுப்பினராச்சே சார், அதுவும் அதே வார்டு" என்று மாசிலாமணி மடக்கப் பார்த்தார். பதினைந்து நாளுக்கு உறுப்பினர் அட்டையை ஒப்படைத்துவிட்டேன். அதனால் என் ஓட்டும் போயிற்று. அப்புறம் என்ன பேசுவார்? மாவட்டத் தலைமையும் என்னையே நடுவராகப் போட்டுவிட்டது.

அஞ்சுகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தார். "நீங்கன்னா எனக்கு நிம்மதி பெரியப்பா. அந்த ஜெயந்த் என்னை வாயைத் திறக்கவே விடமாட்டான்." என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்திருப்பார். நான் சொன்னேன்: "விவாதம் முடிகிற வரைக்கும் இந்த வீட்டுக்கு நீ வரக் கூடாது." டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"மிச்சக் காபியையாவது குடிச்சிட்டுப் போகட்டுமே" என்றாள் என் மனைவி.

"காபியில்தான் ஆரம்பிக்கும்" என்றேன்.

ஒரு வேட்பாளருக்கு என் வீட்டில் அரை டம்ளர் காபி போய்விட்டது. அதை அப்படியே விட முடியுமா? மறுநாள் மணி மகாலுக்குப் போய், குழந்தைவேலுவிடம் கேட்டு வாங்கி, அரை டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தேன். அவர் முழு டம்ளர் கொடுத்தார். பாதியை வைத்துவிட்டேன்.

விவாதம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில். எட்டு மணிக்கே டேப்பும் சாக்கட்டியுமாகப் போய்விட்டேன். என் நாற்காலியிலிருந்து இரண்டு வேட்பாளர் நாற்காலிக்கும் சரியாக இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். மேலே ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் இடது பக்கம். ஆகவே நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் இருவரும் இடம் மாறி உட்கார வேண்டும் என்று விதி செய்தேன். தராசிலும் அப்படித்தான், பொருளை இடது தட்டில் ஒரு தடவை, வலது தட்டில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

ஜெயந்த் கேமராவோடு வந்தான். நடுவர் வேலை போன கோபம் முகத்தில் இருந்தது.

"சார், பேசறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் எடை போட்டுடலாமா? ஒல்லியா இருக்கிறவங்களுக்குக் கூட ரெண்டு நிமிஷம் குடுப்பீங்களா?"

"நீ படத்தைப் பிடி. வாயை மூடிக்கொண்டு பிடி."

"மூடிட்டேன் சார். இன்னிக்கு நீங்கதான் எங்க டிவி."

பத்து மணிக்குச் சங்கக் கட்டடம் நிறைந்துவிட்டது. பதினேழாம் வார்டில் அட்டை வைத்திருக்கும் உறுப்பினர்கள் என்னை நீக்கி நூற்று எண்பத்தைந்து பேர். குழந்தைவேலு உள்ளே வந்தார். கைதட்டல் மூன்று வினாடி. அதில் இரண்டு அவருடைய டிரைவருடையது. பிறகு அஞ்சுகம் வந்தார். சார், பதினான்கு வினாடி. பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இன்னொருவர், "அஞ்சுகம், என் முதியோர் பென்ஷன் வந்திருச்சும்மா" என்று அங்கேயே கத்தினார்.

இதைத்தான் உங்களிடம் ஆரம்பத்தில் சொன்னேன். ஒரு எடையும் வைக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதற்குள் முள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இந்தத் தராசில் எடை போட்டால் அது எடையா? காலித் தட்டுகள் சமமாக நிற்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? உயர்ந்து நிற்கிற தட்டுக்கு அடியில் கொஞ்சம் ஈயம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். அதன் பிறகே எடை. இது சட்டம். என்னுடைய இலாகாவின் சட்டம்.

ஆகவே குழந்தைவேலுவின் தட்டில் ஈயம் வைத்தேன்.

அது மட்டுமா? என்னையே சோதித்துப் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன், என் மனசும் அஞ்சுகத்தின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. எந்த டிவிக்காரனாவது இப்படித் தன்னைச் சோதித்திருப்பானா? அதற்கும் தனியாக இன்னொரு துண்டு ஈயம் வைத்தேன்.

முதல் கேள்வி குழந்தைவேலுவுக்கு. "பதினேழாம் வார்டு மக்கள் மீது தாங்கள் வைத்திருக்கும் அன்பை எப்படி விவரிப்பீர்கள்?" அவர் யோசித்து, "ரொம்ப" என்றார். மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தேன். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி பாக்கி. ஒருவருக்கு ஒதுக்கிய நேரத்தை வீணடித்தால் அது சம நேரம் ஆகுமா? "வேட்பாளர் சொல்ல வருவது என்னவென்றால்" என்று தொடங்கி, மீதி நேரத்துக்கு அவருடைய அன்பை நானே விளக்கினேன். கொஞ்சம் நன்றாகவே வந்தது. அவரே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து அஞ்சுகம். "வார்டில் எத்தனை தெருவிளக்கு? எத்தனை எரியவில்லை?"

"நூத்தி நாப்பத்தி மூணு பெரியப்பா. அதுல முப்பத்தொண்ணு எரியலை. சுடலைமாடன் கோயில் தெருவுல மட்டும்..."

"நடுவர் அவர்களே என்று சொல்ல வேண்டும்" என்று நிறுத்தினேன். "மேலும், முப்பத்திரண்டு. நேற்று மாலை சந்தைத் தெரு முனையில் ஒன்று அணைந்துவிட்டது. வேட்பாளர் தகவலைச் சரிபார்த்துக்கொண்டு வர வேண்டும்."

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். திருத்தியதற்கு ஆன நான்கு வினாடியை அவருடைய நேரத்திலேயே கழித்தேன். மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடித்தேன். "குடிதண்ணி லைனை" என்று எதையோ ஆரம்பித்திருந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. மணி மணிதான்.

இப்படியே போயிற்று. நாற்பத்தைந்தாவது நிமிடம் இடம் மாறினார்கள். அஞ்சுகத்துக்கு விசிறி போயிற்று, குழந்தைவேலுவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டதால் உண்மையில் யாருக்கும் காற்று இல்லை. அது நம் கையில் இல்லை.

அப்புறம்தான் உறுப்பினர்கள் பெட்டியில் போட்ட கேள்விகள். எல்லாச் சீட்டையும் முதல் நாளே படித்து, இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து உறையில் போட்டு அரக்கு வைத்திருந்தேன். குழந்தைவேலுவைப் பற்றி ஒன்பது சீட்டு இருந்தது. ஒன்பதிலும் ஒரே விஷயம், மணி மகாலின் எச்சில் இலைத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடுகிறாரே, ஏன் என்று. அதை நான் எடுக்கவில்லை. ஏற்கெனவே உயர்ந்து நிற்கிற தட்டு, சார். அதிலிருந்து இன்னும் எடுப்பார்களா? "ஒரு மண்டபத்தை நடத்திய அனுபவம் ஒரு வார்டை நடத்த எப்படி உதவும்" என்று கேட்டேன். "எல்லாரையும் வரிசையா உக்கார வெக்கணும்" என்றார். மோசமான பதில் இல்லை.

அஞ்சுகத்துக்கு எடுத்த சீட்டு மணி மகால் பெயர் அச்சிட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. கேள்வி எந்தத் தாளில் வந்தது என்று பார்ப்பது நடுவரின் வேலையில்லை. கேள்வி நல்ல கனமான கேள்வி. படித்தேன்: "தாங்கள் மாற்றுக் கட்சிக்காரர்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா?"

"உண்மைதான்" என்றார். "மேசைக்கு வர்றவங்ககிட்ட கட்சி கேக்குற பழக்கம் இல்லை."

அதோடு விட்டிருக்கலாம் என்று பிறகு என் மனைவி சொன்னாள். அவளுக்கு முறை தெரியாது. பதில் முழுமையாக இல்லை என்றால் துணைக் கேள்வி கேட்க வேண்டும்.

"யார் யாருக்கு எழுதினீர்கள்? ஒரு பெயராவது சொல்லுங்கள். உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் போனில் பார்த்தது இந்த இடம்தான். நாற்பது வினாடி. ஜெயந்த் கேமராவை அவர் முகத்துக்குக் கொண்டுபோய், பிறகு என் முகத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அவர் முகத்துக்குக் கொண்டுபோனான்.

"சொல்ல முடியாதுங்க நடுவர் அவர்களே" என்றார் கடைசியில். "மேசைக்கு வந்தவங்க பேரை மேடையில சொல்லக் கூடாது."

மணி அடித்தேன்.

என்ன கேட்டீர்கள்? யார் பெயராக இருக்கும் என்றா? அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. இருந்தாலும் நீங்கள் வெளியூர்க்காரர், சொன்னால் என்ன. நான் ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வாரச் சந்தையில் பதினாறு தராசுகளை நேரில் பார்க்காமலே முத்திரை வைத்தேனாம். அவை பார்க்க வேண்டிய அவசியமில்லாத தராசுகள், சார். அந்த வியாபாரிகளை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அந்தக் குறிப்பாணைக்கு விளக்கமும் மேல்முறையீட்டு மனுவும் எழுதிக் கொடுத்தது அஞ்சுகம்தான். பதினோரு பக்கம். நான்கு மாதத்தில் ஓய்வூதியம் வந்துவிட்டது. அப்போது நான் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஊழியர் சங்கத்தில் பொருளாளர். ஆகவே, ஆமாம், கணக்குப்படி நானும் மாற்றுக் கட்சிக்காரன்தான்.

அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. நேரமும் இருந்தது. சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு முழுப் பதில் தராதது ஒரு வேட்பாளரின் குறை. அந்த நஷ்டத்துக்கு நடுவர் என்ன செய்வார்? நானாகச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நன்றாகக் கேட்டீர்கள். நடுவர் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னால் அது நடுநிலையா?

விவாதம் முடிந்ததும் ஜெயந்த் ஒயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் நடுவரா இருந்திருந்தா அந்த அக்காவை இப்படிக் கேட்டிருக்க மாட்டேன்."

"ஏன்? பயமா?"

"ஆமா சார். மண்டபத்துக்காரர் விளம்பரம் தர்றது ஊருக்கே தெரியும். அவருக்காகப் பேசுறேன்னு சொல்லிடுவாங்களேன்னு பயந்து பயந்து கேட்டிருப்பேன். உங்களுக்குத்தான் பயமே இல்லையே."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவனுக்கும் மனசாட்சி இருக்கிறது.

மதியமே ஓட்டுப் பதிவு. குழந்தைவேலு தொண்ணூற்றாறு, அஞ்சுகம் எண்பத்து நான்கு, செல்லாதவை ஐந்து. அறிவிப்பதற்கு முன்பே தாரகை டிவி அடியில் எழுத்து ஓடவிட்டது: "பதில் சொல்ல முடியாமல் திணறிய அஞ்சுகம்." பார்த்தீர்களா, சார், அவர்களின் சார்பை? திணறவில்லை. மறுத்தார். திணறுவது வேறு, மறுப்பது வேறு. அன்றே கண்டனக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

முடிவைக் கேட்டதும் அஞ்சுகம் குழந்தைவேலுவுக்கு வணக்கம் சொன்னார். மாசிலாமணிக்குச் சொன்னார். தண்ணீர் பாட்டில் கொடுத்த பெண்ணுக்கு அந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். வாசல் படியில் என் மனைவி நின்றிருந்தாள். அவளோடு ஏதோ பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசலை. நான்தான் பேசினேன். மன்னிச்சிரும்மான்னு சொன்னேன்."

"நீ எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?"

"அந்தப் பதினோரு பக்கத்தை அவ எழுதும்போது பக்கத்துல உக்காந்திருந்தது நானு. நீங்க அவமானமா இருக்குன்னு வீட்டைவிட்டே வரலை. மேடையில நீங்க பேரு கேட்டப்ப நான் எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கலை."

வீட்டில் ஒரே ஆளோடு ஒரு வாரம் விவாதிக்க நேர்ந்தால் அதற்கு நடுவர் யார்? நானே இருக்க முடியாதே. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

தேர்தலில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினேழாம் வார்டில் குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு ஓட்டு. நான்காவது இடம். கட்சிக்குள்ளேயே அவருக்குத் தொண்ணூற்றாறு பேர் போட்டார்கள். அதில் மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று விசாரிக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நடுநிலையான ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேலை நடந்துகொண்டிருக்கிறது. அஞ்சுகம் பிரச்சாரத்துக்கு வந்தார். பழையபடி கொடி பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் கடைசி வரிசையில் நடந்தார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் முடிந்து இரண்டு வாரத்தில் யாரோ அந்த நாற்பது வினாடியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள். மேலே எழுதியிருந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்: "இவர் நடுவரா, ஸ்டேஷன் ஏட்டா?" இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதையெல்லாம் என்னால் இந்தப் பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. என் பேரன் பெங்களூரிலிருந்து போன் செய்து, "தாத்தா, அந்த ஆன்ட்டியை ஏன் அழ வெச்சீங்க" என்கிறான். அவர் அழவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். முன்னால் இருந்த எண்பத்தொன்பது நிமிடம் எங்கே? நான் டேப் வைத்து அளந்தது எங்கே? ஒரு பக்கத்தை மட்டும் காட்டி ஒரு மனிதனின் பெயரைக் கெடுப்பது என்றால், சார், அந்த மனிதனுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக்கூடத் தர வேண்டாமா?

அதனால்தான் இந்தப் பயணம். கேபிள் சேனல்களைக் கண்காணிக்கக் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. பலருக்குத் தெரியாது. அந்தக் குழுவுக்கு முறைப்படி ஒரு மனு கொடுக்கப் போகிறேன். அந்தப் பதிவை நீக்க வேண்டும், தொண்ணூறு நிமிடத்தையும் முழுமையாக மறுஒளிபரப்பு செய்ய வேண்டும். எட்டுப் பக்கம், பைக்குள் இருக்கிறது. பார்க்கிறீர்களா? ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நான் எழுதவில்லை. எனக்கு அறிக்கை வரும், மனு வராது. அது தனி வித்தை. ஆத்துக்குளத்தில் கலெக்டர் ஆபீஸில் திருப்பி அனுப்பாதபடி மனு எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். இதிலெல்லாம் சொந்த விருப்பு வெறுப்பைக் கலக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர். வரிசையில்தான் நின்றேன். என் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அஞ்சுகம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து, ஓரம் மடித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"ஐயா, பேரு?"

"திருமேனி" என்றேன்.

"இனிஷியல்?"

"வை."

"வைன்னா?"

"வைரக்கண்ணு."

எழுதிக்கொண்டார்.